உள்பக்கம் பூத்த துணி

மஹ்ரூப் முதலாளிக்கு ஆண்டவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. பதுளை பஜார் வீதியில் சொந்தக் கடை. மகள் நல்ல இடத்தில் வாழ்கிறாள். மகன் றில்வான் பண்டாரவளையில் தனியாகக் கடை போட்டுவிட்டான். ஹஜ்ஜுக்கும் போய் வந்தாயிற்று. சர்க்கரை வியாதிகூட அவரிடம் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. அப்படிப்பட்ட மனிதரின் நெஞ்சில், அறுபது தாண்டிய பிறகு, ஓர் ஆசை வந்து குந்திக்கொண்டு நகர மறுத்தது.

அதற்குக் காரணம் சந்திரகாந்தி என்ற பெண்.

பசறை வீதியில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த பழைய நெசவாலையை, பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கிற நூதனசாலை ஆக்கியிருந்தார்கள். அதன் பொறுப்பாளராக வந்தவள்தான் சந்திரகாந்தி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் வரை படித்தவள். ஒருநாள் காலை குடையை மடக்கிக்கொண்டு மஹ்ரூப்பின் கடைக்குள் ஏறினாள்.

"எல்லாம் இருக்குங்க முதலாளி. தறி இருக்கு, பொய்லர் இருக்கு, பழைய மெனேஜரோட மேசை நாற்காலிகூட இருக்கு. அந்த மில்லுல நெய்ஞ்ச துணிதான் ஒரு முழங்கூட இல்ல. துணியே இல்லாத துணி மில்லானு கொழும்புல இருந்து வந்தவங்க சிரிச்சிட்டுப் போறாங்க."

"என்ன துணி வேணும் மகள்?"

"பெரிய பெரிய பூப்போட்ட துணி ஒண்ணு கடைசியா செஞ்சாங்களாமே, அது. யாரு குடுக்கிறாங்களோ அவங்க பேர பித்தளையில வெட்டி வாசல் சுவருல பதிக்கலாம்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க."

மஹ்ரூப் எழுந்து நின்றுவிட்டார். 'பித்தளை' என்ற சொல் அவர் காதுக்குள் போய், நேரே இதயத்தில் இறங்கியது. கடைப் பலகை மழைக்கு உரியும். கலண்டரில் அச்சடித்த பெயர் வருடம் முடிந்தால் குப்பைக்குப் போகும். ஆனால் பித்தளையில் 'இப்றாஹீம் அன் சன்ஸ்' என்று ஏறிவிட்டால், மௌத்தாகிப் போன வாப்பாவின் பெயர் இந்த ஊர் உள்ளவரை நிற்கும்.

"மகள், நீங்க சரியான கடைக்குத்தான் வந்திரிக்கிறீங்க. அந்தத் துணிய இந்த ஊருக்குக் காட்டினதே எங்கட வாப்பாதான். மத்தவங்க கையில எடுக்கப் பயந்த துணி. வாப்பா கொண்டுவந்து எறக்கி ஒரே மாசத்துல வித்துத் தீத்தாங்க. மடுல்சீமை வரைக்கும் தொரமாருட பங்களா ஜன்னல்லயெல்லாம் அதுதான் தொங்கிச்சு."

எதிர்க்கடைத் தங்கராஜா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கழுத்தில் அளவு நாடாவுடன் வீதியைக் கடந்து வந்தார். அவருடைய பாட்டன் இராமநாதபுரத்திலிருந்து வந்து போட்ட கடை அது.

"நானா, காலங்காத்தால பொய் சொல்லாதீங்க. அந்த மில்லோட மொத லோட் எறங்கினது எங்க கடையில. எங்கப்பா தேங்கா ஒடச்சு, கற்பூரம் காட்டித்தான் கட்டையே பிரிச்சாரு."

"தேங்கா ஒடச்சீங்க, சரி. வித்தீங்களா?"

"அது வேற கத."

"அதுதான் கத, தம்பி."

சந்திரகாந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருல யார்கிட்டங்க ஒரு துண்டு இருக்கு?"

இரண்டு முதலாளிமாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"தேடினா கெடைக்கும்" என்றார் மஹ்ரூப்.

"எங்க வீட்லயும் தேடினா கெடைக்கும்" என்றார் தங்கராஜா.

பெருநாளைக்கு மஹ்ரூப் வீட்டு வட்டிலாப்பம் தங்கராஜா வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும். ஒருவர் கடையில் இல்லாத துணியைக் கேட்டால் எதிர்க்கடையைக் கைகாட்டுவார்கள். ஆனால் அந்த மில்லின் பேச்சு வந்தால் மட்டும் இரண்டு பேரும் வேற்று நாட்டுக்காரர்கள்.

மஹ்ரூப் அன்றே கடையின் பரணில் ஏறினார். எலி கடித்த பெட்டிகள், உடைந்த பொம்மைகளின் கைகால்கள், வாப்பாவின் பழைய தொப்பி எல்லாம் கிடைத்தன. தொப்பியைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். துணி கிடைக்கவில்லை. தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனார். மனைவி லரீபா தையல் மெஷினில் இருந்தாள்.

"றில்வான்ட உம்மா, அந்த மில்லுத் துணி ஒரு துண்டாவது எங்கயும் இரிக்கா? நீல நெறத்துல பெரிய பூப்போட்டது."

நீலம் இல்லை என்று சொல்ல வந்த நாக்கை லரீபா பல்லுக்குள் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னத்தக் கண்டேன். மேல நல்லாத் தேடிப் பாருங்க."

அந்த நிமிடம் அவள் அந்தத் துணியைத்தான் உடுத்திருந்தாள்.

இதை விளங்கிக்கொள்ள லரீபா மணப்பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்த காலத்துக்குப் போக வேண்டும். அப்போது மஹ்ரூப் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். கடையின் பின்னறையில் துணிக்கட்டுகள் கூரையை முட்டின. மஞ்சள் நிறத்தில், சோற்றுக் கோப்பை அளவுக்குக் கத்தரிப்பூ நிறப் பூக்கள் போட்ட துணி. ஜப்பான் ஜோர்ஜட்டும் நைலெக்ஸும் கப்பலில் வந்து குவியத் தொடங்கிய நேரம். அதைப் பார்த்த கண்ணுக்கு இதைப் பார்க்கப் பிடிக்குமா? வாங்க வந்தவர்கள் துணியைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார்கள்.

இப்றாஹீமோ எதிர்க்கடையோடு வீம்புக்கு மில்லின் கடைசிக் கட்டு வரைக்கும் வாங்கியிருந்தார். போதாததற்கு, எல்லாம் விற்றுப் போயிற்று என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். சோறு இறங்காது. பெருமூச்சு மட்டும் விடுவார்.

புது மருமகளுக்கு அந்தப் பெருமூச்சைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து ஒரு கட்டை அவிழ்த்தாள். துணியின் பின்பக்கம் வெறும் வெளிர் மஞ்சள். பூக்கள் உள்ளே போகிற மாதிரிப் புரட்டி வைத்து, உள்பாவாடை தைத்தாள். பூ வெளியே இருந்தால் மெல்லிய சேலைக்கு மேலால் தெரியுமே. தைத்து முடித்து மாமனாரிடம் நீட்டினாள். இப்றாஹீமின் கண் கலங்கியது.

"மகள், இது வெளியில தெரியக் கூடாது. மவனுக்கும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன் மாமா. நீங்க சாப்பிடுங்க."

மாமனார் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

பெண்களின் உள்ளுடுப்புகள் அந்தக் கடையில் முன்னால் விற்கப்படுவதில்லை. திரைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் லரீபா. திரையைத் தாண்டி எந்த ஆம்பிளையும் வரமாட்டான், கடைக்காரரே வரமாட்டார். பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பெண்கள் நேரே திரைக்குப் பின்னால் போனார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் அட்டை எந்தப் பாவாடையையும் துளைக்கும். லரீபாவின் பாவாடையைத் துளைக்காது. எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் கிழியாது. ஒருத்தி சொல்லி ஒன்பது பேர் வந்தார்கள். வெயிலையே காணாத அந்தப் பூக்களை ஊவா மலைப் பெண்களின் முழங்கால்கள் மட்டும் அறிந்திருந்தன.

மஹ்ரூப் கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது பின்னறை காலியாக இருந்தது. வாப்பாவின் சாமர்த்தியத்தை நினைத்து அவர் புல்லரித்துப் போனார். பின்வளவுக் கொடியில் வெளிர் மஞ்சளாக ஏதோ காய்வதை வருடக்கணக்கில் கண்டிருக்கிறார். ஆனால் பெண்களின் உள்ளுடுப்பு காய்கிற கொடியை உற்றுப் பார்க்கிற மனிதர் அல்ல அவர். துணியை விரலால் நெருடியே எந்த ஊர்த் தறி என்று சொல்கிறவர், இந்தத் துணியை மட்டும் தொட்டதில்லை. வெட்கம்.

மௌத்தான மனிதருக்குக் கொடுத்த வாக்கு ஒருபக்கம். 'உங்கட வாப்பாட புகழெல்லாம் உள்பாவாடைதான்' என்று புருஷனிடம் எந்த வாயால் சொல்வது என்பது மறுபக்கம். லரீபா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

பௌர்ணமிப் போயா தினத்தில் கடைகள் பூட்டு. அன்று வர்த்தகர் சங்கத்தைக் குடும்பத்தோடு நூதனசாலைக்கு அழைத்திருந்தாள் சந்திரகாந்தி. மழை தூறியது. மஹ்ரூப் வெள்ளை உடுப்பில் அத்தர் மணக்க வந்தார். லரீபா கறுப்பு அபாயாவில், வழக்கமான உள்பாவாடையோடு வந்தாள். தங்கராஜாவும் அவர் மனைவி மங்களேஸ்வரியும் முன்னமே வந்து வாசல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பித்தளைக்கு என்று அங்கே நான்கு ஆணிகள் அடித்திருந்தார்கள்.

"நானா, ஆணி எடுப்பாத்தான் இருக்கு. துணி கொண்டாந்தீங்களா?"

"நீங்க கொண்டுவந்தீங்களா?"

"பீரோவ இன்னும் முழுசாத் தேடல."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்று மஹ்ரூப் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

உள்ளே தறிகள் வரிசையாக நின்றன. எண்ணெய் பூசி, பிள்ளைக்குத் தலைவாரிய மாதிரி வைத்திருந்தார்கள். ஒரு தறியின் முன்னால் பெண் தொழிலாளியாக ஒரு கடைப் பொம்மையை நிறுத்தியிருந்தார்கள். ரோஸ் நிற முகம், நீண்ட இமை, உதட்டுச் சாயம்.

"இவ மில்லுக்கு வேலைக்கு வந்தவளா, கல்யாணத்துக்கு வந்தவளா?" என்று மங்களேஸ்வரி லரீபாவின் காதில் கேட்டாள்.

"சும்மா இருங்க. சிரிப்பு வருது."

மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். மில்லின் மெனேஜர் அந்தப் பூத்துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒன்றுமில்லை. சங்கத்து ஆட்கள் அந்த வெறும் பெட்டியைச் சுற்றி நின்று, ஜனாஸா வீட்டில் போலத் தலையைக் குனிந்தார்கள்.

"இதுதாங்க அது" என்றாள் சந்திரகாந்தி. "என்ன கலருன்னுகூட எங்களுக்குத் தெரியாது."

"நீலம்" என்றார் மஹ்ரூப்.

"செவப்பு" என்றார் தங்கராஜா. "குங்குமச் செவப்பு. நான் கையால தொட்டிருக்கேன்."

"தேங்கா ஒடச்ச அன்னக்கித்தானே? அது குங்குமம்தான். தேங்காயில இருந்து பட்டிருக்கும். துணி நீலம்."

"ஒங்க கண்ணுக்கு எல்லாமே வானமாத்தான் தெரியுது நானா."

"வாப்பா வித்த துணிட நெறம் எனக்குத் தெரியாதா? இந்த மண்டபத்துல வேற எவனுக்குத் தெரியும்?"

"கத்தரிப்பூக் கலரு" என்றாள் லரீபா. "மஞ்சளுக்கு மேல."

மண்டபம் திரும்பியது. வாய் தவறி வந்த சொல்லை லரீபாவால் திரும்ப விழுங்க முடியவில்லை.

"ஒங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?" சந்திரகாந்தி கிட்ட வந்தாள். "எங்க பாத்தீங்க?"

லரீபா தரையைப் பார்த்தாள். மங்களேஸ்வரி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வெளியே வர இடம் தேடி அலைந்தது.

"எங்கயோ பாத்தது" என்றாள் லரீபா.

மஹ்ரூப் அதைக் கவனிக்கவில்லை. அவர் அந்தக் காலிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தறியின் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எல்லாத்தயும் வித்துட்டீங்களே வாப்பா" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஒரு முழம் இந்த மவனுக்குன்னு எடுத்து வெக்கத் தோணலயா? எலி கடிக்கக்கூட ஒரு துண்டு மிஞ்சலயே."

அந்த வெள்ளைத் தாடி நடுங்கியது. கண்ணில் நீர் திரண்டு, தாடியில் இறங்கலாமா வேண்டாமா என்று நின்றது. இத்தனை வருடங்களில் லரீபா இந்த மனிதரின் எல்லாப் பிடிவாதத்தையும் தாங்கியிருக்கிறாள். குறட்டையைத் தாங்கியிருக்கிறாள். இந்த முகத்தைத் தாங்க அவளால் முடியவில்லை. மாமனார் அன்று பின்னறையில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

அவள் சந்திரகாந்தியின் கையைப் பிடித்தாள். "மகள், பொம்பளைங்கட பாத்ரூம் எங்க?"

மங்களேஸ்வரி சட்டென்று கூடவே போனாள். போகும்போது, "அக்கா, வேணாங்க. யோசிச்சுப் பாருங்க" என்றாள். லரீபா யோசிக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் மடித்த துணி, பூப்பக்கம் வெளியே. அதைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

மஹ்ரூப் பார்த்தார். மஞ்சள். அதன் மேல் கத்தரிப்பூ நிறப் பூக்கள், நேற்றுத் தறியிலிருந்து இறங்கியது போலப் பளபளவென்று. விரலால் நெருடினார். பசறை வீதித் தறி. சந்தேகமே இல்லை. அவர் எழுந்தார். கண்ணீர் இப்போது தாராளமாக இறங்கியது. துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டார். முத்தமிட்டார். பிறகு இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தி, சங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் காட்டினார்.

"பாருங்க. எல்லாரும் நல்லாப் பாருங்க. இப்றாஹீம் அன் சன்ஸ்."

ஆட்கள் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் கைபேசியில் படம் எடுத்தார். தங்கராஜாகூடத் தோற்ற மனிதனின் பெருந்தன்மையோடு தட்டினார். மஹ்ரூப் இன்னும் உயர்த்தினார். மடிப்பு அவிழ்ந்து துணி நீளமாக இறங்கியது. சுருக்கு வைத்த இடுப்புப் பட்டி தெரிந்தது. அதிலிருந்து நாடா ஒன்று இறங்கி அவர் மூக்குக்கு முன்னால் ஆடியது.

கைதட்டல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நின்று போயிற்று.

மஹ்ரூப் நாடாவைப் பார்த்தார். லரீபாவைப் பார்த்தார். திரும்ப நாடாவைப் பார்த்தார். பிறகு துணியைச் சுருட்டி ஜிப்பாவுக்குள் செருகப் பார்த்தார். அது தடித்த துணி. செருக முடியவில்லை. வயிறு மட்டும் பெருத்தது.

"முதலாளி, மடிச்சுக் கசக்காதீங்க" என்று சந்திரகாந்தி ஓடி வந்து வாங்கினாள். அவள் முகத்தில் வெட்கமே இல்லை. புதையல் கண்ட முகம். "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. வெயில் படாததால கலரே போகல. வெறும் துணியா இருந்தாக்கூட இவ்வளவு பெறுமதி இல்லீங்க. இத அப்படியே முழுசாப் பெட்டிக்குள்ள விரிச்சு வெப்போம். மஹ்ரூப் முதலாளி குடும்பத்தாரு உடுத்தினதுனு கீழ போடுவோம்."

மஹ்ரூப் மறுபடியும் மரப்பெட்டியில் உட்கார்ந்தார். "மகள், அந்த நாடாவ மட்டும் உருவிடுங்க. நடுவால ஒரு துண்டு வெட்டி வெச்சாப் போதும்."

"நூதனசாலைக்கு வந்த பொருள வெட்டக் கூடாதுங்க."

"அப்ப தங்கராஜாட பேரப் போடுங்க. முத லோட் அவருக்குத்தான் வந்தது. நான் ஒத்துக்கொள்றேன்."

தங்கராஜா பின்வாங்கினார். இந்தச் சொல்லைக் கேட்க வாழ்நாள் முழுவதும் காத்திருந்தவர் அவர். "எனக்கு என்னத்துக்கு நானா? ஒங்க வீட்டுச் சாமானுக்கு என் பேரப் போட்டா ஊரு என்ன நெனைக்கும்? எங்க வீட்ல இப்படி ஒண்ணும் கெடையாது."

"கெடையாதா?" என்றாள் மங்களேஸ்வரி. "நான் இப்ப கட்டியிருக்கிறது என்னவாம்?"

தங்கராஜா அவளைப் பார்த்த பார்வையில், அவள் எதிர்க்கடையின் திரைக்குப் பின்னால் போய்வந்த அத்தனை வருடங்களும் இருந்தன. "நீ அங்கயா வாங்கின? சொந்தக் கடைய வெச்சிக்கிட்டு?"

"ஒங்க கடைப் பாவாட கிழிஞ்சிடும்ங்க."

சங்கத்து ஆட்களில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். லரீபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கிட்ட இரிந்ததக் கழட்டி ஒங்கட மடியில வெச்சேன். அத எதிர்க்கடைக்குக் குடுக்கிறீங்க."

"லரீபா, ஆக்களுக்கு முன்னால..."

"ஆக்களுக்கு முன்னால தூக்கிக் காட்டினது நீங்க. மாமா வாங்கின ஒரு கட்டக்கூட ஒருத்தனும் வாங்கல. அந்த மனிசன் சோறு தின்னாம அந்தக் கட்டுகளப் பாத்துக்கிட்டே இரிந்தாரு. நீங்க கொழும்புல. நான் இரிந்து தைச்சேன். மில்லு மூடின பொறகும் ஒங்கட கடை மூடாம நின்னதுக்கு இதுதான் காரணம். இப்ப இந்தப் பாவாட ஒங்கட பேருக்குக் கேவலமாப் போச்சா?"

கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது.

மஹ்ரூப் மரப்பெட்டியில் இருந்தபடியே மனைவியை அண்ணாந்து பார்த்தார். வாப்பா சாப்பிடாமல் இருந்ததும், ஒரு புதுப்பெண் கத்தரிக்கோலை எடுத்ததும், தான் கொழும்பில் இருந்துகொண்டு வாப்பாவின் சாமர்த்தியத்தைப் பெருமையடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் எழுந்து, சந்திரகாந்தியின் கையிலிருந்த துணியை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தங்கராஜா திறந்து பிடித்தார். மஹ்ரூப் அதை உள்ளே விரித்தார். நாடாவையும் நேராக நீட்டி வைத்தார்.

"எழுதுங்க மகள்" என்றார். "இது மில்லுட கடைசித் துணி. இதால செஞ்ச..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நாற்பது வருடம் துணி விற்றவர், ஆண்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை உச்சரித்ததே இல்லை. தொண்டையைச் செருமினார். தாடியைத் தடவினார்.

"இதால செஞ்ச என்னங்க?" சந்திரகாந்தி பேனாவோடு காத்திருந்தாள்.

"அதுதான்... அந்த..."

"உள்பாவாடை" என்றாள் லரீபா.

"ஓ. அது. அத எழுதுங்க. தைச்சது லரீபான்னு எழுதுங்க. பித்தளையில அவட பேருதான் வரணும்."

"கடைப் பேரு முதலாளி?"

மஹ்ரூப் மனைவியைப் பார்த்தார். அவள் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைட பேரு கீழ சின்னதாப் போட்டாப் போதும், மகள்."

சந்திரகாந்தி எழுதிக்கொண்டு திரும்பிப் போகத் தொடங்கினாள். மஹ்ரூப் அவள் பின்னாலேயே நாலடி போய் நிறுத்தினார்.

"ரொம்பச் சின்னதாவும் வேணாம்" என்றார்.